ராத்திரிச் சாப்பாடாகவே ஒரு காய்கறி சூப்: நீலகிரிக் குளிருக்கு எங்கள் வீட்டுப் பக்குவம்

மலைக்குக் கீழே இருந்து வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "சூப்பு சரி, சாப்பாட்டுக்கு என்ன?" கோயம்புத்தூரிலும் மதுரையிலும் சூப் என்றால் ஓட்டலில் சாப்பாட்டுக்கு முன்னால் சின்னக் கிண்ணத்தில் வருவது. சோளமாவைக் கரைத்து ஊற்றிக் கெட்டியாக்கி, நாலு கேரட் துணுக்கை மிதக்கவிட்டு, மேலே மிளகுத்தூள் தூவிக் கொடுப்பார்கள். நான் சொல்லப்போவது அது இல்லை. ஊட்டிக்குப் பக்கத்தில், கேத்திப் பள்ளத்தாக்கில் எங்கள் வீட்டில் டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் சூப்தான் சாப்பாடு. மாமனார், அத்தை, வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், நான். ஆளுக்கு ஒரு பெரிய கிண்ணம், கூட இரண்டு துண்டு ரொட்டி. அதோடு அடுப்படியை மூடிவிடலாம். விடியும்வரை யாருக்கும் பசிக்காது.

இது அத்தை வழியாக வந்த பக்குவம். அத்தையின் அப்பா குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் பட்லராக இருந்தவர். ஆட்டெலும்பும் பார்லியும், நூல்கோல் மாதிரியான டர்னிப்பும், தடித்த வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸும் போட்டு மணிக்கணக்கில் காய்ச்சுகிற ஸ்காட்லாந்துக்காரர்களின் சூப்பை அவர் அங்கே கற்றுக்கொண்டார். வீட்டுக்கு வந்தபோது எலும்பு போய், அதன் இடத்தில் பட்டர் பீன்ஸ் வந்துவிட்டது. மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது. நான் கீழே மதுரைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். ரசத்திலேயே வளர்ந்த நாக்கு. ஆனாலும் இந்தச் சூப்பை இன்றைக்கு யார் கேட்டாலும் மனசாரச் சொல்லிக்கொடுப்பேன், அத்தனை நல்ல சாப்பாடு இது.

அடிப்படையான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூப்பின் கெட்டி காய்க்குள்ளிருந்து வர வேண்டும். சோளமாவு போடாதீர்கள், மைதா போடாதீர்கள், கிரீமும் வேண்டாம். சோளமாவு கொடுக்கிற கெட்டியில் ஒரு வழுவழுப்பு இருக்கும், காயின் ருசி அதற்குள் அமுங்கிவிடும். திரும்பச் சூடு பண்ணினால் நீர்த்தும் போகும். பார்லி, பீன்ஸ் பருப்பு, கரைந்துபோன உருளைக்கிழங்கு, இந்த மூன்றும் சேர்ந்து தருகிற கெட்டி வேறு. வயிற்றில் நிற்பது அதுதான். கீழே வருகிற ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

இந்தக் காய்களெல்லாம் இங்கே விளைவதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1819-ல் கோவை கலெக்டர் ஜான் சலிவன் மலையேறி வந்து கோத்தகிரிப் பக்கம் வீடு கட்டி, பிறகு ஊட்டிக்கு மாறினார். கூடவே உருளைக்கிழங்கு, பார்லி, முட்டைகோஸ் என்று தன் ஊர்ப் பயிர்களைப் போட்டுப் பார்த்தார். அதன் தொடர்ச்சிதான் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்க இன்றைக்கு நிற்கிற இங்கிலீஷ் காய்கறி. குளிர்காலக் கேரட்டுக்குத் தனி இனிப்பு இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. குளிர் ஏற ஏற, கேரட் தன்னிடம் இருக்கிற மாவுச்சத்தில் கொஞ்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். சர்க்கரை கலந்த நீர் சட்டென்று உறையாது, செடி தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற வழி அது. முட்டைகோஸும் இதையேதான் செய்கிறது. அதனால் ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் உறைபனியால் புல் வெளுத்துக் கிடக்கிற மாதங்களில் இந்தச் சூப்புக்குச் சிட்டிகை சர்க்கரைகூடத் தேவைப்படாது.

காய் வாங்குவதிலேயே பாதி வேலை முடிந்துவிடும், அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கேரட் தழையோடு கிடைத்தால் வாங்குங்கள், தழை வாடாமல் இருந்தால் பிடுங்கி நேரமாகவில்லை என்று அர்த்தம். ரொம்பப் பருத்த கேரட்டில் நடுத்தண்டு வெளிறி மரமாக இருக்கும், நடுத்தரம் போதும். டர்னிப் கைக்குள் அடங்குகிற அளவில், தூக்கினால் கனமாக இருக்க வேண்டும். பெரியதாக, லேசாக இருந்தால் உள்ளே நார்தான். லீக்ஸில் வெள்ளைப் பகுதி நீளமாக இருப்பதைப் பொறுக்குங்கள். பட்டர் பீன்ஸ் உரிக்காமல் காயாக வாங்குவதே நல்லது. தோல் வெளிறி, உள்ளே பருப்பு புடைத்துத் தெரிய வேண்டும். ஊட்டி உழவர் சந்தைக்குக் காலையில் போனால் இதெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

உருளைக்கிழங்கில் புதுசும் வேண்டும், பழசும் வேண்டும். இதைக் கடைக்காரரிடம் கேட்டே வாங்குங்கள். அப்போதுதான் தோண்டிய புதுக்கிழங்கில் மாவு குறைவு, எவ்வளவு வெந்தாலும் துண்டு துண்டாகவே நிற்கும், தோலை விரலால் தேய்த்தாலே உரிந்து வரும். சில வாரம் இருப்பு வைத்த பழங்கிழங்கு மாவாகக் கரையும். சூப்புக்குக் கரைகிற கிழங்கும் வேண்டும், கடிக்கிற கிழங்கும் வேண்டும்.

ஆறு பேருக்கு அளவு இது. பார்லி அரை டம்ளர், ஏறக்குறைய 80 கிராம். உரித்த பட்டர் பீன்ஸ் 200 கிராம். பழைய உருளைக்கிழங்கு பெரியதாக ஒன்று, புதுக்கிழங்கு சின்னதாக நாலு. கேரட் 300 கிராம். டர்னிப் ஒன்று. முட்டைகோஸ் கால் பாகம், 200 கிராம் வரும். பச்சைப் பீன்ஸ் 100 கிராம், உரித்த பட்டாணி 100 கிராம். லீக்ஸ் பெரியதாக இரண்டு. செலரி இரண்டு தண்டு, இலையோடு. மலைப்பூண்டு எட்டுப் பல். தக்காளி இரண்டு. பட்டன் காளான் கிடைத்தால் அதன் தண்டுகள் ஒரு கைப்பிடி. வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு கரண்டி. பிரிஞ்சி இலை ஒன்று, மிளகு ஒன்றரை டீஸ்பூன், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, எலுமிச்சை பாதி, உப்பு. கடைசியில் தூவப் பார்ஸ்லி, இல்லையென்றால் கொத்தமல்லி. பட்டை, கிராம்பு, சோம்பு எதையும் சேர்க்காதீர்கள். லீக்ஸும் செலரியும் கொடுக்கிற வாசனை மெல்லிசானது, மசாலா பக்கத்தில் வந்தால் அது காணாமல் போய்விடும்.

முதல் வேலை பார்லி. மத்தியானமே கழுவி, இரண்டு மணி நேரமாவது ஊறப் போடுங்கள். பட்டர் பீன்ஸ் பச்சையாக இருந்தால் ஊறத் தேவையில்லை. காய்ந்த பருப்புத்தான் கிடைத்தது என்றால் அதில் 100 கிராம் எடுத்து முந்தின ராத்திரியே ஊறவைக்க வேண்டும்.

மலைமேல் இருக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது, 300 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கிற சூடும் குறைகிறது. சென்னையில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் அதற்குமேல் சூடு ஏறாது. கேஸ்தான் தீரும், தண்ணீர்தான் வற்றும், பருப்பு கல்லாகவே இருக்கும். எனவே பார்லியும் பீன்ஸும் திறந்த பாத்திரத்தில் வேகட்டும் என்று இங்கே காத்திருக்கவே கூடாது, குக்கர்தான். குக்கருக்குள்ளும் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவாக இருப்பதால் கீழே இருக்கிற அளவுக்குச் சூடு வராது, ஆகவே கூடுதலாக ஒன்றிரண்டு விசில் வேண்டும். நான் ஊறிய பார்லியையும் பட்டர் பீன்ஸையும் ஒன்றாகப் போட்டு, நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஆறு விசில் வைப்பேன். கீழே இருப்பவர்களுக்கு நாலு போதும். எண்ணெயை மறக்காதீர்கள். பார்லி நுரைத்துப் பொங்கி விசில் வருகிற துளையை அடைத்துக்கொள்ளும். அதற்காகவே குக்கரைப் பாதிக்குமேல் நிரப்பவும் கூடாது. ஆவி தானாக அடங்கட்டும், விசிலைத் தூக்கி இறக்க வேண்டாம்.

காய்ந்த பீன்ஸ் போடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ராஜ்மா மாதிரியான பயறுகளில் அரைவேக்காட்டில் வயிற்றைக் கெடுக்கிற ஒரு பொருள் இருக்கிறது. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைத்த பிறகுதான் சூப்பில் சேர்க்க வேண்டும். சிறு தீயில் கிடந்து மெதுவாக வேகட்டும் என்று விடுவது மலைமேல் நிச்சயமாகச் சரிப்படாது. விரலால் நசுக்கினால் வெண்ணெய் போல மசிய வேண்டும், அதுதான் பதம்.

குக்கர் ஒரு அடுப்பில் இருக்கும்போதே இன்னொன்றில் சாறு காய்ச்சிவிடலாம். இதற்குத் தனியாகக் காய் வாங்க வேண்டாம். லீக்ஸின் பச்சைத் தாள், கேரட்டின் தலையும் வாலும், செலரியின் அடித்தண்டு, காளான் தண்டு, பட்டாணி உரித்த தொலி, இவ்வளவும் போதும். பட்டாணித் தொலியை எல்லாரும் குப்பையில் போடுகிறார்கள், எனக்கு மனசு கேட்காது. பருப்பை விடத் தொலியில்தான் அந்தப் பச்சை இனிப்பு அதிகம். எல்லாவற்றையும் மண் போகக் கழுவி, இரண்டு லிட்டர் தண்ணீரில் பிரிஞ்சி இலையோடு போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து முப்பது, நாற்பது நிமிஷம் விட்டு வடிகட்டுங்கள். முட்டைகோஸ் தண்டைச் சாறில் போடாதீர்கள், நேரம் ஆக ஆகக் கந்தக வாடை கிளம்பும். உருளைத் தோல் மண் வாசம் கொடுக்கும். பீட்ரூட் நிறத்தையே மாற்றிவிடும். இது மூன்றும் தவிர மற்றது உங்கள் இஷ்டம். கடையில் விற்கிற சூப் கட்டி போட்டால் வேலை குறையும், ஆனால் அதில் உப்பு அதிகம், பிள்ளைகளும் பெரியவர்களும் சாப்பிடுகிற வீட்டில் அது வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

அடுத்தது லீக்ஸ். இந்தச் சூப்பின் ருசியில் பாதி இங்கேதான் இருக்கிறது.

லீக்ஸ் வளர வளரத் தண்டைச் சுற்றி மண் அணைத்துக்கொண்டே போவார்கள். வெயில் படாமல் இருந்தால்தான் தண்டு வெள்ளையாக நீளும். அப்படி அணைத்த மண் ஒவ்வொரு மடலுக்குள்ளும் இறங்கி உட்கார்ந்திருக்கும். வெளியே கழுவினால் ஒன்றும் தெரியாது. வேரோடு சேர்ந்த அடிப்பகுதியை விட்டுவிட்டு, கத்தியால் நீளவாக்கில் கீறுங்கள். பிறகு குழாயடியில் தலைகீழாகப் பிடித்து மடல் மடலாக விரித்துக் கழுவினால், செம்மண் கோடு கோடாக இறங்கி வருவதைப் பார்க்கலாம். தண்ணீர் தெளிவாக வரும்வரை விடக் கூடாது. பச்சையும் வெள்ளையும் சேர்கிற இடத்தில்தான் மண் அதிகம், அங்கே விரலை விட்டுத் தேய்க்க வேண்டும். ஜனவரித் தண்ணீரில் விரல் மரத்துப்போகும்தான், வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு அண்டாவில் வைத்துக்கொண்டு அலசுங்கள். ஒரு மணல் துகள் பல்லில் பட்டாலும் அத்தனை பேரும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுவார்கள்.

கழுவியதை அரை அங்குல வளையமாக நறுக்குங்கள். அடி கனமான பெரிய பாத்திரத்தில் வெண்ணெயையும் எண்ணெயையும் சேர்த்து உருக்கி, லீக்ஸைப் போட்டு, அரை டீஸ்பூன் உப்பையும் அப்போதே போட்டுவிடுங்கள். உப்பு பட்டதும் அது தண்ணீர் விட ஆரம்பிக்கும். தீ ரொம்பச் சிறியதாக இருக்க வேண்டும். மூடியைச் சாய்த்து வைத்து, இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை கிளறிக்கொண்டே பன்னிரண்டு, பதினைந்து நிமிஷம். முதலில் மொறுமொறுவென்று சத்தம் போடும். அப்புறம் சத்தம் அடங்கி, வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணாடி மாதிரி ஆகி, அளவில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். வெங்காயத்தின் நெடி போய் ஒரு இனிப்பு வாசம் வரும். நிறம் மட்டும் மாறவே கூடாது. ஓரம் சிவந்தால் கசப்பு சூப் முழுக்கப் பரவும். நான் வந்த புதிதில் வேகமாக வதக்கப் போகும்போதெல்லாம் அத்தை பக்கத்தில் வந்து தீயைக் குறைத்துவிட்டு, "அவசரம் வேண்டாம் கண்ணு, அது தண்ணி விட்டு அடங்கட்டும்" என்பார். இன்றைக்கும் அடுப்படிப் பக்கம் வந்தால் அவர் கை தானாகக் குமிழுக்குத்தான் போகும்.

லீக்ஸ் அடங்கியதும் பொடியாக நறுக்கிய செலரித் தண்டையும் தட்டிய பூண்டையும் போட்டு மூன்று, நாலு நிமிஷம். அப்புறம் கேரட், டர்னிப். இரண்டையும் ஒரே அளவில், சுண்டுவிரல் நுனி அகலத்துக்கு நறுக்கியிருக்க வேண்டும். பிள்ளைகளின் கரண்டியில் மூன்று, நாலு துண்டு சேர்ந்து வர வேண்டும் என்பது கணக்கு. வெண்ணெயில் ஐந்து நிமிஷம் புரட்டினால் கேரட்டின் நிறம் வெண்ணெயில் இறங்கி, சூப்புக்கே ஒரு பொன்னிறம் வரும்.

இப்போது வடிகட்டிய சாறை ஊற்றுங்கள். பழைய உருளைக்கிழங்கைப் பொடிப்பொடியாக, கிட்டத்தட்டச் சீவுகிற மாதிரி நறுக்கி உடனே போட்டுவிடுங்கள், அது கரைவதற்காகவே போகிறது. பதினைந்து நிமிஷம் கழித்து, தோல் தேய்த்த புதுக்கிழங்கை நாலாக வெட்டி, பச்சைப் பீன்ஸோடு சேர்த்துப் போடுங்கள். பச்சை உள்ளே போன பிறகு மூடி போட வேண்டாம், நிறம் பழுப்பாகிவிடும். இன்னும் ஒரு பதினைந்து நிமிஷத்தில் புதுக்கிழங்கில் கத்தி தடங்கலில்லாமல் இறங்கும்.

தக்காளியை அதுவரைக்கும் உள்ளே விடாதீர்கள். புளிப்பு பட்டால் கிழங்கும் பருப்பும் வேகுவது தாமதமாகும், மலைமேல் இது நன்றாகவே தெரியும். எல்லாம் வெந்த பிறகு, வெந்நீரில் போட்டுத் தோலுரித்த தக்காளியைக் கையால் பிசைந்து சேர்த்தால் போதும். அதோடு குக்கரில் இருக்கிற பார்லி, பட்டர் பீன்ஸ் எல்லாம் அந்தத் தண்ணீரோடேயே உள்ளே போகட்டும். அந்தக் கொழகொழத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், கெட்டிக்கு ஆதாரமே அதுதான்.

பிறகு பருப்பு மத்தை எடுங்கள். பாத்திரத்தின் ஒரு ஓரத்தில் மட்டும் மத்தை இறக்கி, எட்டு, பத்து தடவை அழுத்திக் கடையுங்கள். அங்கே இருக்கிற பீன்ஸும் கரையாமல் நிற்கிற பழங்கிழங்கும் மசிந்து, சாறு பால் கலந்த மாதிரி நிறம் மாறும். முழுவதையும் கடையக் கூடாது. மிக்சியில் அடிப்பது அதைவிட மோசம், உருளைக்கிழங்கு பசையாக இழுக்க ஆரம்பித்துவிடும். கரண்டியால் எடுத்து ஊற்றினால் காய்கள் சாறோடு சேர்ந்து விழ வேண்டும், காய் தனியாக, தண்ணீர் தனியாக விழுந்தால் இன்னும் இரண்டு முறை கடையுங்கள்.

கடைசியாக மெல்லிசாக நறுக்கிய முட்டைகோஸும் பட்டாணியும். எட்டு, பத்து நிமிஷம் போதும். முட்டைகோஸில் கொஞ்சம் கடி இருக்கும்போதே அடுப்பை அணைத்து, செலரி இலையைக் கிள்ளிப் போட்டு, ஜாதிக்காயைத் துருவி, பாதி எலுமிச்சையைப் பிழிந்து பத்து நிமிஷம் மூடி வையுங்கள்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பார்லியும் கிழங்கும் உப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். லீக்ஸில் போட்டது, சாறு ஊற்றியபோது ஒரு டீஸ்பூன், பிறகு இறக்கி வைத்த பின் பார்த்துப் போடுவது என்று மூன்று தடவையாகப் போடுவதே சரி. கடைசியில் பார்க்கும்போது ஒரு கரண்டியைத் தட்டில் ஊற்றி ஆறவிட்டுப் பாருங்கள். கொதிக்கக் கொதிக்க நாக்கில் வைத்தால் உப்பு சரியாகத் தெரியாது.

மிளகை நான் பாத்திரத்தில் போடுவதே இல்லை. கூடலூர்ப் பக்கத்து மிளகை அப்போதைக்கப்போது உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, கிண்ணத்தில் ஊற்றிய பிறகு அவரவருக்கு வேண்டிய அளவு. இளையவனுக்கு ஒரு சிட்டிகை, மாமனாருக்கு அரை ஸ்பூனுக்கு மேல். அத்தைக்குப் பல் சரியில்லை, அதனால் கடைந்த ஓரத்திலிருந்தே அவருக்கு எடுப்பேன், மறுபடி ஒரு தடவை மத்தால் அழுத்திக் கொடுத்தால் மெல்ல வேண்டிய வேலையே இல்லை. மாமனாருக்குச் சர்க்கரை இருக்கிறது. அவர் கிண்ணத்தில் கிழங்கைக் குறைத்து, கோஸும் பீன்ஸும் பார்லியுமாக அள்ளி வைப்பேன். பார்லி மெதுவாகத்தான் செரிக்கும், ராத்திரி சீக்கிரம் பசிக்காமல் அவருக்கு அது தாங்குகிறது. ஒரே பாத்திரத்திலிருந்து எல்லாருக்கும் அவரவர்க்கு ஏற்ற மாதிரி எடுக்க முடிவது, இந்தச் சூப்பில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

தொட்டுக்கொள்ள ரொட்டி. தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்கப் போட்டு, சூடாக இருக்கும்போதே உரித்த பூண்டுப் பல்லை அதன்மேல் தேய்த்தால் வாசனை தூக்கும். பிள்ளைகள் ஊட்டிப் பேக்கரிகளில் கிடைக்கிற மொறுமொறு வர்க்கியைக் கேட்பார்கள், நான் கொடுப்பதில்லை. வர்க்கி டீக்குத்தான் பொருத்தம், சூப்பில் போட்டால் அதன் வனஸ்பதி மேலே மிதக்க ஆரம்பித்துவிடும்.

கீழே இருப்பவர்களுக்கு லீக்ஸும் டர்னிப்பும் எல்லா ஊரிலும் கிடைக்காது. அதற்காக விட்டுவிட வேண்டாம். லீக்ஸுக்குப் பதில் வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியும் இரண்டு பெரிய வெங்காயமும், அதே சிறு தீ, அதே பதினைந்து நிமிஷம். டர்னிப்புக்கு நூல்கோல் நன்றாகவே பொருந்தும். பார்லி கிடைக்கவில்லை என்றால் சம்பா கோதுமை ரவையை வறுக்காமல் போடுங்கள், குக்கர் தேவையில்லை, கடைசி இருபது நிமிஷத்தில் வெந்துவிடும். பட்டர் பீன்ஸுக்கு மார்கழி, தை மாதங்களில் வருகிற பச்சை மொச்சையை விட நல்ல மாற்று கிடையாது. ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பருப்பாகப் போட்டீர்கள் என்றால் மத்தே வேண்டாம், தானாகக் கரையும். என் அம்மா மதுரையில் இப்படித்தான் செய்கிறார். அங்கே குளிர் பெரிதாக இல்லாவிட்டாலும் மார்கழி ராத்திரிக்கு இது நன்றாகவே இருக்கிறது என்கிறார். போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கிற ஊர்களில் பருப்பு வேக நேரம் பிடிக்கும், குக்கருக்கு மட்டுமாவது குடிதண்ணீரை ஊற்றுங்கள்.

மிஞ்சினால் ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். குளிர்தானே என்று அடுப்பு மேலேயே விடுகிற பழக்கம் இங்கே உண்டு, பால் பொருளும் பருப்பும் இருப்பதால் எனக்கு அதில் சம்மதம் இல்லை. மறுநாளைக்கும் வேண்டும் என்று முன்பே தெரிந்தால் முட்டைகோஸைப் போடுவதற்கு முன்னாலேயே அந்தப் பங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள், திரும்பச் சூடு செய்த கோஸில் வாடை வரும். பார்லி ராத்திரி முழுக்கத் தண்ணீரைக் குடித்துக் கூழாக நிற்கும். பயப்பட வேண்டாம். இரண்டு டம்ளர் வெந்நீரை ஊற்றி, சிறு தீயில் அடிபிடிக்காமல் கிளறிச் சூடாக்கி, புதிதாகக் கொஞ்சம் கோஸ் போட்டு, உப்பும் எலுமிச்சையும் மறுபடி பாருங்கள். எங்கள் வீட்டுக்காரர் அந்தத் தண்ணீரையும் ஊற்றவிடமாட்டார். அப்படியே கெட்டியாகச் சூடு செய்து, மேலே வெங்காயமும் பச்சைமிளகாயும் அரிந்து போட்டு, காலையில் சப்பாத்திக்கு வைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் தோட்டத்துக்குக் கிளம்புவார்.